சிறுவயது நண்பர்கள் மறுபடி கூடும் பேய்க்கதை: இரண்டாம் பாதியில் பயம் ஏன் செத்துப்போகிறது?

பாதிக்கதை:

வணக்கம். ஒரு திகில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஐந்து பிள்ளைகள். கைவிடப்பட்ட ஒரு தண்ணீர்த்தொட்டி. அதன் அடியில் இருக்கும் குழாய்க்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவர்களைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. ஒரு நாள் ஐந்து பேர் உள்ளே போகிறார்கள், நான்கு பேர் வெளியே வருகிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்துகொண்டு பிரிகிறார்கள். இருபத்தாறு வருடம் கழித்து அதே இடத்தில் இன்னொரு பிள்ளை காணாமல் போக, நால்வரும் திரும்பி வருகிறார்கள்.

முதல் பாதியைப் படித்தவர்கள் ராத்திரி விளக்கை அணைக்கவில்லை என்றார்கள். இரண்டாம் பாதிக்கு வந்ததும் அதே ஆட்கள், "ம், பரவாயில்லை." எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. காரில் வந்து இறங்குகிறார்கள், கையில் டார்ச், கயிறு எல்லாம் இருக்கிறது, பழையதை நினைவுபடுத்திக்கொள்கிறார்கள், உள்ளே போய்ச் சண்டை போடுகிறார்கள். பயம் மட்டும் இல்லை. பேயை இன்னும் பெரிதாக்கட்டுமா? இல்லை, வந்ததுமே ஒருவரைச் சாகடித்துவிடட்டுமா?

இரவுவாசகி:

சாகடிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவர்களுக்கு இழப்பதற்கு ஏதாவது கொடுங்கள். பன்னிரண்டு வயதில் உயிர் போகும் என்ற பயம் மட்டும் போதும். நாற்பதை நெருங்குகிறவருக்கு வீட்டில் அதே பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையின் பட்டப்பெயர் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தால்?

மையில்லாப்பேனா:

பேயைத் தொடாதீர்கள், அது நன்றாகத்தான் இருக்கிறது. "பழையதை நினைவுபடுத்திக்கொள்கிறார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே, கோளாறு அங்கேதான். நான்கு பேர் இருபத்தாறு வருடம் தனித்தனியாக வாழ்ந்துவிட்டு, ஒரே ஞாபகத்தோடு திரும்பி வருவார்களா? நடக்கவே நடக்காது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் நடுவானில் சிதறியது. மறுநாள் காலையே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று தன் பல்கலைக்கழக மாணவர்களிடம் எழுதி வாங்கிவிட்டார். இரண்டரை வருடத்துக்கு மேல் ஆனபின் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டார்கள். 11 பேர் சொன்னதில் ஒன்றுகூடப் பழைய பதிலோடு ஒத்துப்போகவில்லை. தப்பாகச் சொன்னவர்களில் பலர் அதை அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தில் இருந்த தாளையே எடுத்துக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. கையெழுத்து என்னுடையதுதான், நடந்தது இது இல்லை என்கிற நிலை. மூன்று வருடம்கூட ஆகாத விஷயத்துக்கே இந்தக் கதி.

உங்கள் கதைக்குள் இதைக் கொண்டுவாருங்கள். நால்வரில் ஒருவர் அன்று ராத்திரியே ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கட்டும். இப்போது அதைப் பிரிக்கிறார்கள். ஐந்தாவது பையன் கடைசியாக வந்தான் என்று நான்கு பேரும் சொல்கிறார்கள். நோட்டில் அவன் முதல் ஆள். அப்படியானால் கடைசியாக வந்தது யார்? இந்த ஒரு கேள்வி விழுந்துவிட்டால் டார்ச்சும் கயிறும் இருந்து என்ன பிரயோஜனம்? கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் யார் என்பதுதான் பயமே.

ஞாபகம் தொற்றவும் செய்யும். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974இல் வெளியிட்ட சோதனை: கார் மோதும் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. மென்மையான சொல்லைக் கேட்டவர்களில் 50க்கு 7 பேர் பார்த்தேன் என்றார்கள். கடுமையான சொல்லைக் கேட்டவர்களில் 50க்கு 16 பேர். கேள்வியில் ஒரே ஒரு சொல் மாறியதற்கே இவ்வளவு. உங்கள் நால்வரில் வாய்ச்சவடால் உள்ளவர் ஒருவர் இருப்பார் அல்லவா, அவர் சொல்லச் சொல்ல மற்றவர்களுக்கும் "ஆமா, எனக்கும் ஞாபகம் வருது" என்று வரட்டும். அது வாசகருக்கு மட்டும் உறுத்த வேண்டும்.

அப்புறம் அந்தக் குழாய். பெரியவர்கள் திரும்பிப் போனால் எல்லாம் சின்னதாகத் தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஏக்கமாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அதுவே ஆயுதம். அன்று லேசாகக் குனிந்தபடி ஓடி வெளியே வந்தார்கள். இன்று முழங்கையை ஊன்றித் தவழ வேண்டும், தோள் இரண்டு பக்கமும் உரசும், உள்ளே திரும்ப முடியாது, வந்த வழியே காலைப் பின்னுக்கு இழுத்துத்தான் வெளியேற வேண்டும். வளர்ந்த உடம்பு அங்கே பலம் இல்லை, பாரம்.

பட்டப்பெயரையும் விட்டுவிடாதீர்கள். தலை நரைத்த ஒரு மனிதர் காரைப் பூட்டிக்கொண்டிருக்கிறார், பின்னாலிருந்து "டேய் சோடாபுட்டி" என்று குரல். சட்டென்று திரும்புகிறார். மற்ற மூன்று பேரும் அதுவரை அவருக்கு முன்னால்தான் நின்றிருந்தார்கள். (இதை எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.)

கரடுமுரடன்:

எனக்கு இது ஒத்துவரவில்லை. ஞாபகம் ஞாபகம் என்று போனால் கடைசியில் பேயே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று வந்து நிற்கும். முந்நூறு பக்கம் பயந்த வாசகன் புத்தகத்தை வீசி எறிவான். நான் எறிவேன்.

மையில்லாப்பேனா:

நானும் எறிவேன், சேர்ந்தே எறியலாம். பேய் இருக்கிறது, முதல் அத்தியாயத்திலிருந்து இருக்கிறது, அதில் கைவைக்கக் கூடாது. அது இருந்ததா என்பதில் சண்டை வேண்டாம். அன்று நாம் என்ன செய்தோம் என்பதில்தான் சண்டை. பேய் ஐந்து பேரில் ஒருவனைக் கேட்டிருக்கலாம், இவர்கள் கொடுத்திருக்கலாம். சத்தியம் எதற்குச் செய்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? பேயைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தித்தான் சொல்வார்கள். வாயை மூடிக்கொள்ள வேறு காரணம் வேண்டும்.

இரவுவாசகி:

ஐயோ, அந்தச் சத்தியம்! நான் சொன்ன பிள்ளையையும் இதோடு கோத்துவிடலாம். அன்று ஒருவனைக் கொடுத்தவர்களிடம் இன்று இன்னொன்றைக் கேட்டால் என்ன சொல்வார்கள்?

பாதிக்கதை:

அனைவருக்கும் நன்றி. சண்டைக் காட்சி இருபது பக்கம் போகிறது, அதை மூன்று பக்கமாக வெட்டப்போகிறேன். சத்தியத்தை இதுவரை ஒரு சடங்கு மாதிரிதான் எழுதியிருந்தேன், அதற்குக் காரணம் வைத்தால் முதல் பாதியையும் தொட வேண்டிவரும், பரவாயில்லை. ஒரே சந்தேகம்: நோட்டை யாரிடம் கொடுப்பது? எப்போதும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும் ஒரு பெண் பாத்திரம் இருக்கிறாள், அவளே இயல்பாக இருப்பாளா?

மையில்லாப்பேனா:

வேண்டாம். அவள் எழுதியிருந்தால் வாசகர் முதல் வரியிலேயே நம்பிவிடுவார். அந்த வாய்ச்சவடால்காரனின் கையெழுத்தாக இருக்கட்டும். நான் எழுதவே இல்லை என்று அவனே சத்தியம் செய்வான் பாருங்கள்.