மறுமொழி: ‘ஹீம் ஸ்கேவெஞ்சர்’ புரதங்களுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஹீமோகுளோபினுக்குள் இரும்பைத் தாங்கியிருக்கும் பகுதி ஹீம். அது ரத்தத்தில் சிந்தினால் பிடித்துக்கொள்ளும் புரதங்களை ஆங்கிலத்தில் ‘ஹீம் ஸ்கேவெஞ்சர்’ என்கிறார்கள்; ஸ்கேவெஞ்சர் என்றால் குப்பை அள்ளுபவர். அவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை வந்திருப்பவை: தோட்டிப் புரதம், துப்புரவுப் புரதம், ஹீம்காவி, ஹீம்பற்றி, ஹீம்கொளுவி. பெயர்களுக்குள் போகும் முன் இந்தப் புரதங்கள் ரத்தத்தில் என்ன செய்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஆங்கிலச் சொல்லிலிருந்து அல்லாமல் அந்த வேலையிலிருந்துதான் பெயரை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் ஓடும். வயதானவற்றைப் பெரும்பாலும் மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள பெருவிழுங்கிகள் (மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்பு அணுக்கள்) முழுசாக விழுங்கிவிடுவதால் வெளியே அதிகம் சிந்துவதில்லை. மலேரியா, கதிர் அரிவாள் சோகை (சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோய்), செப்சிஸ் (கிருமித் தொற்றுக்கு உடம்பு கட்டுமீறி எதிர்வினை காட்டும் நிலை), பொருந்தாத ரத்தம் ஏற்றிய நிலை இவற்றில்தான் சிக்கல். சிவப்பணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, ஹீமோகுளோபின் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் கொட்டுகிறது. நான்கு சங்கிலி கொண்ட அந்த மூலக்கூறு அங்கே இரண்டு பாதிகளாகப் பிரிகிறது. பாதி சிறியது என்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டிப் போய் நுண்குழல்களைக் கெடுக்கும். பிளாஸ்மாவிலேயே தங்கியது ஆக்சிஜனேற்றம் அடைந்து, தன்னிடமிருக்கும் ஹீமை நழுவ விடும்.

நழுவிய ஹீம்தான் விஷம். நடுவில் இரும்பு, சுற்றிலும் வளையம், எண்ணெயோடு ஒட்டும் குணம். ரத்தக் குழாயின் உட்சுவர் உயிரணுக்களின் சவ்வுக்குள் போய் உட்கார்ந்து, அங்குள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றம் செய்யும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பாக்டீரியாவின் மேலுறையைக் கண்டு உடம்புக்கு அபாயம் அறிவிக்கும் ஏற்பிகளில் ஒன்று டோல் போன்ற ஏற்பி 4. ஹீம் அதையும் கிளப்பிவிடுகிறது. கிருமி இல்லாத இடத்திலும் அழற்சி மூளும். கிருமி இருக்கும் இடத்தில் ஏற்கெனவே மூண்ட அழற்சி கட்டுக்கடங்காமல் போகும்.

இதைத் தடுக்கக் கல்லீரல் இரண்டு புரதங்களைச் செய்து ரத்தத்தில் விட்டுவைத்திருக்கிறது. முதலாவது ஹாப்டோகுளோபின். 1938இல் பிரான்சில் பொலொனொவ்ஸ்கியும் ஜேலும் கண்டறிந்தது. இது பிரிந்த ஹீமோகுளோபின் பாதிகளைப் பிடிக்கும். பிடித்த பிடியை நடைமுறையில் விடுவதே இல்லை. இரண்டும் சேர்ந்த கூட்டு பெரியது என்பதால் சிறுநீரகத்தில் கசியாது. ஹாப்டோகுளோபின் தீர்ந்துபோய் ஹீம் தனியே வெளிவந்தால் இரண்டாவது காவல் ஹீமோபெக்சின். ஒரு மூலக்கூறுக்கு ஒரு ஹீம் என்ற கணக்கில் பிடிக்கும்; பிளாஸ்மாவில் ஹீமை இவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் புரதம் வேறு கிடையாது.

பிடித்ததோடு வேலை முடியவில்லை, ஒப்படைக்கவும் வேண்டும். ஹாப்டோகுளோபின் கூட்டை பெருவிழுங்கியின் மேலுள்ள சிடி163 என்ற ஏற்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஹீமோபெக்சின் கூட்டை முக்கியமாகக் கல்லீரலில் எல்ஆர்பி1 என்ற ஏற்பி வாங்கிக்கொள்ளும். உள்ளே ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி ஹீம் வளையத்தை அறுக்க, பிலிவெர்டின், கார்பன் மோனாக்சைடு, இரும்பு மூன்றும் வெளிவரும். முட்டி கன்றிப்போன இடத்தைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் கருநீலம், சில நாளில் ஓரத்தில் பச்சை, அப்புறம் மஞ்சள். அந்தப் பச்சை பிலிவெர்டின், மஞ்சள் அதிலிருந்து வந்த பிலிருபின். ஹீம் அறுபடுவதைத் தோலுக்கு மேலேயே பார்க்கலாம். மிஞ்சும் இரும்பை உடம்பு வீசுவதில்லை. புதுச் சிவப்பணு செய்ய நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து உறிஞ்சுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் பழைய ஹீமிலிருந்து மீட்டது.

சரி, பெயர்களுக்கு வருகிறேன்.

‘தோட்டிப் புரதம்’ வேண்டவே வேண்டாம். முன்மொழிந்த நண்பர் அகராதியைப் பார்த்து எழுதியிருக்கிறார், தவறான நோக்கம் எதுவும் இல்லை என்று தெரியும். ஆனால் மனிதரை மனிதக் கழிவு அள்ள வைப்பதை 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்த நாடு இது. ஒரு சாதியின் மேல் சுமத்திய இழிவைச் சுமக்கும் சொல்லை நாம் புதிதாக ஒரு பாடப்புத்தகத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ‘துப்புரவு’ அந்த அளவு புண்படுத்தாது. இருந்தாலும் பொருள் பிசகு. துப்புரவு என்றால் குப்பையை அகற்றுவது. ஹீம் குப்பை இல்லை என்பதற்குத்தான் மேலே இரும்புக் கணக்கைச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் சிந்திய ஹீமோகுளோபின், குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தீர்த்துக்கட்டுவதால் குழாய் இறுகுகிறது. இதற்கும் ஆங்கிலத்தில் அதே ஸ்கேவெஞ்சிங்தான். ஒன்று காக்கும் வேலை, மற்றது கெடுக்கும் வேலை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் குழம்பிவிடுவார். நைட்ரிக் ஆக்சைடு விஷயத்துக்கு ‘அழித்தல்’ போதும்.

‘ஹீம்காவி’ காதுக்கு இனிமை. ஹீமோகுளோபினுக்கு ஏற்கெனவே குருதிவளிக்காவி என்ற பெயர் இருப்பதால் குடும்பத்தோடு சேர்ந்தும் கொள்கிறது. ஆனால் காவி, அதாவது சுமப்பது, சுமையை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் அப்படித்தான். ஹாப்டோகுளோபின் திரும்புவதில்லை, பிடித்த ஹீமோகுளோபினோடு தானும் சிதைந்துபோகிறது. அதனால்தான் சிவப்பணு மளமளவென்று உடையும்போது ஆய்வக அறிக்கையில் ஹாப்டோகுளோபின் அளவு விழுகிறது; மருத்துவர் அந்த வீழ்ச்சியை வைத்தே சிவப்பணுச் சிதைவைச் சந்தேகிக்கிறார். கூடவே ஒரு எச்சரிக்கை: அழற்சியின்போது கல்லீரல் ஹாப்டோகுளோபினைக் கூடுதலாகச் செய்யும். அழற்சியும் சிதைவும் ஒன்றாக இருந்தால் ஏறியதும் இறங்கியதும் சேர்ந்து அளவு இயல்பாகத் தெரியலாம்.

‘ஹீம்பற்றி’ பொருளில் மிகச் சரி. எழுத்தில்தான் தகராறு. ‘ஹீம் பற்றிக் கட்டுரை’, ‘ஹீம்பற்றிக் கட்டுரை’ இரண்டையும் யார் பிரித்துப் படிப்பார்கள்? அச்சில் ஒரு இடைவெளி விழுந்தால் புரதம் காணாமல் போய் ‘குறித்து’ என்ற பொருள் வந்துவிடும்.

ஹீமை ‘ஈம்’ என்று எழுதலாமே என்று கேட்டவருக்கு: ஈமோகுளோபின் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ‘ஈமப் புரதம்’ என்று வந்தால் வாசகர் மனம் சுடுகாட்டுக்குப் போகும். நோயாளியின் கையில் கொடுக்கும் தாளில் அது கூடாது. ஹகரமே இருக்கட்டும்.

‘கொளுவி’ எனக்கு மிகவும் பிடித்தது. ஈழத்தில் கொளுவுதல் (மாட்டுதல்) அன்றாடச் சொல். இங்கே பலருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்பது ஒன்றுதான் தயக்கம்.

என் முன்மொழிவு: கவ்வி. கவ்வுதல் என்றால் விடாமல் இறுகப் பிடித்தல். எல்லா ஊரிலும் புரியும். ஹாப்டோகுளோபின் என்ற பெயரின் முன்பாதிக்குக் கிரேக்கத்தில் பிடித்தல், பற்றுதல் என்றுதான் பொருள். ஹாப்டோகுளோபினை ‘ஹீமோகுளோபின்கவ்வி’ என்றும் ஹீமோபெக்சினை ‘ஹீம்கவ்வி’ என்றும் வகைப்படுத்தி, இரண்டையும் சேர்த்துச் சொல்ல ‘கவ்விப் புரதங்கள்’ எனலாம். அந்தந்தப் புரதத்தின் சொந்தப் பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஆய்வக அறிக்கையில் வரும் பெயரும் நான் எழுதும் கட்டுரையில் வரும் பெயரும் ஒன்றாக இருப்பதே நோயாளிக்கு நல்லது. ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும் ஹீமைப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் தளர்வாக. அதைக் கவ்வி என்று சொல்ல வராது. அந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிடுகிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன்:

‘செப்சிஸ் முற்றியபோது நோயாளியின் கவ்விப் புரதங்கள் தீர்ந்துவிட்டன.’

‘ஹாப்டோகுளோபினின் கவ்வுதிறன் அதன் மரபு வகையைப் பொறுத்து மாறலாம்.’

‘கவ்விய ஹீமைக் கல்லீரல் உயிரணு உள்வாங்கிக்கொண்டது.’

எதுவும் இடறவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். 2010இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் செப்சிஸ் கண்ட எலிகளுக்கு ஹீமோபெக்சின் செலுத்தினார்கள், சாவு குறைந்தது. செப்சிஸ் முற்றி ரத்த அழுத்தம் சரியும் செப்டிக் அதிர்ச்சியில் இறந்தவர்களின் ரத்தத்தில், பிழைத்தவர்களைவிட ஹீமோபெக்சின் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்கும் என்று சொல்ல முடியாது, அதையும் கட்டுரையில் அழுத்தியே எழுதுவேன். ஆனால் ஜப்பானில் ஹாப்டோகுளோபின் 1980களிலிருந்தே மருந்தாகப் பயன்படுகிறது, கதிர் அரிவாள் சோகைக்கு ஹீமோபெக்சினைத் தரும் மருத்துவச் சோதனையும் தொடங்கியாகிவிட்டது. இந்தியாவில் அந்தச் சோகைக்கான மரபுக்கூறு முதன்முதலில் 1952இல் பதிவானது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். நாளைக்கு அந்த மருந்து இங்கே வந்தால் கூடலூரிலும் பந்தலூரிலும் ஒரு செவிலியர் அதை ஒரு தாய்க்குத் தமிழில் விளக்க வேண்டிவரும். அவர் வாயில் தடுக்காத சொல்லாக இருக்க வேண்டும்.

ஈழத்து உறுப்பினர்கள் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பக்கம் கவ்வி என்றால் வேறு ஏதாவது பொருள் முந்திக்கொண்டு வருமா? வராது என்றால் வகைப்பெயராகக் கவ்வியையே வைத்து, முதல் முறை வரும் இடத்தில் ‘கொளுவி என்றும் சொல்லலாம்’ என்று சேர்த்துவிடுகிறேன். மருத்துவர்கள் யாராவது ‘கவ்வுதிறன்’ என்பதை அறிக்கை மொழியில் ஒருமுறை ஓட்டிப்பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.