மங்காவுக்கு வண்ணம் பூசி வால்பேப்பர் ஆக்குவது: கைவேலையா, கைவைக்கும் வேலையா?

தெப்பக்குளத்தான்:
இரண்டு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. என்னிடம் இருக்கும் ஒரு சாமுராய் மங்காவில் (ஜப்பானியச் சித்திரக்கதை), ஆள் மழையில் நிற்கும் பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஐபிஸ் பெயின்ட் செயலியில் வண்ணம் பூசினேன். கோடுகளை மல்டிப்ளையில் (வெள்ளை மறைந்து, கீழே உள்ள நிறம் தெரியும் முறை) மேல் லேயராக வைத்துவிட்டுக் கீழேதான் பூசினேன். வரைந்தவரின் ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. அங்கிக்கு வானநீலம், பின்னால் அந்தி. புத்தகப் பக்கம் குட்டை, போன் திரை நெட்டை (என்னுடையது 1080×2400), அதனால் மேலே வானத்தை நானே நீட்டினேன். என் போனில் கடிகாரம் இடப்பக்கம் வருகிறது, முகத்தை மறைத்தது. படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டேன், தீர்ந்தது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் சொல்லுங்கள்.

எல்லிஸ்நகர் 7:
சூப்பர் பங்காளி. போட்டாச்சு.

கருப்புமை:
கேட்டதால் சொல்கிறேன் தம்பி, கோபப்படாதே. அந்தப் பக்கத்தில் மழையை அவர் வரையவே இல்லை. கருப்பு மையை நிரப்பிவிட்டு, வெள்ளையை இழை இழையாக விட்டிருக்கிறார். விட்ட இடம்தான் மழை. நீ அந்த இழைக்குள்ளும் ஆரஞ்சைக் கொட்டிவிட்டாய். இப்போது பார்த்தால் மத்தாப்பு மாதிரி இருக்கிறது.

அப்புறம் அங்கி. ஜப்பானில் சாவுக்கு உடுத்துவது வெள்ளை. கதையில் அவன் சாகத் தயாராகித்தான் வெள்ளையில் நிற்கிறான். வானநீலம் போட்டதும் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் ஆகிவிட்டான். சித்திரைத் திருவிழாவில் அழகர் பச்சைப் பட்டு கட்டி ஆற்றில் இறங்கினால் செழிப்பு என்று கொண்டாடுகிற ஊர்க்காரர்கள் நாம். நிறத்துக்கு அர்த்தம் கிடையாது என்று நாமே நினைக்கலாமா?

தெப்பக்குளத்தான்:
அங்கியை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, மாற்றிவிடுகிறேன். ஆனால் கருப்புவெள்ளை என்றாலே புனிதம் என்பது போலப் பேசாதீர்கள். வாரப் பத்திரிகைக்கு ஒருவர் வாராவாரம் சுமார் 20 பக்கம் கொடுக்க வேண்டும். அச்சாவதும் மலிவான மறுசுழற்சித் தாளில். வண்ணத்துக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. அட்டைப்படத்துக்கு இடம் கிடைத்தால் அதே ஆட்கள் தூள் கிளப்புகிறார்கள். ‘அகிரா’ மங்காவை 1988-ல் அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் கொண்டுவந்தபோது ஸ்டீவ் ஆலிஃப் கணினியிலேயே வண்ணம் பூசினாரே, அது மட்டும் சரியா?

கருப்புமை:
அது ‘அகிரா’வை வரைந்த ஓட்டோமோவின் சம்மதத்தோடு நடந்தது. உன்னுடையது யார் சம்மதத்தோடு? காசில்லாததால் பிறந்த வழக்கம் என்பது சரி. ஆனால் அந்த வழக்கத்துக்குள்ளேயே ஒரு கலை வளர்ந்துவிட்டது. எங்கே மையைக் கொட்டுவது, எங்கே விடுவது என்று யோசித்து யோசித்து வரைந்த பக்கம் அது.

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா அப்பத்தா கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. கருப்புவெள்ளைதான்; ஸ்டுடியோக்காரர் பிரஷ்ஷால் சாயம் தொட்டு அப்பத்தா சேலைக்குப் பச்சை போட்டுவிட்டார். உண்மையில் அது அரக்குச் சேலை. இப்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அது ‘பச்சைச் சேலைக் கல்யாணம்’. அப்பத்தா மட்டும்தான் “அரக்குடா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒருவரும் நம்புவதில்லை. என் பயம் அதுதான். நீ பூசியதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு அசல் பக்கம் ஏதோ சாயம் போனது போலத் தெரியும்.

எல்லிஸ்நகர் 7:
வால்பேப்பருக்கு இவ்வளவா? ஒரு மாதத்தில் மாற்றப் போகிறேன். நடைமுறையாக ஒன்று சொல்லட்டுமா: ஓலெட் திரையில் சுத்தக் கருப்பு என்றால் அந்தப் பிக்சல் எரிவதே இல்லை. பின்னணி கருப்பாகவே இருந்தால் பேட்டரிக்கும் நல்லது. ஆக, கருப்புமை அண்ணன் கட்சிக்கு ஒரு ஓட்டு, தத்துவம் இல்லாமல்.

சுங்குடிக்காரி:
நீங்கள் மூன்று பேரும் புள்ளியைப் பார்க்கவே இல்லையே. எங்கள் வீட்டில் சுங்குடி முடிச்சு வேலை. துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவோம். கட்டின இடத்தில் சாயம் ஏறாது, பிரித்தால் வெள்ளைப் புள்ளி. மங்காவில் அது தலைகீழ்: வெள்ளையில் கருப்புப் புள்ளி. ஸ்கிரீன்டோன் என்று புள்ளி அச்சிட்ட ஒட்டுப்படலம் ஒன்று உண்டு, அதைக் கத்தியால் வெட்டி ஒட்டுவார்கள். இப்போது கணினியிலேயே போடுகிறார்கள். தள்ளி நின்று பார்த்தால் கண் அதைச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும்.

தம்பி, நீ பெரிய ஸ்கேனை ஒரேயடியாகத் திரை அளவுக்குச் சுருக்கியிருக்கிறாய். புள்ளி வரிசையும் பிக்சல் வரிசையும் மோதி, தோள்பட்டையில் கொசுவலை மாதிரி அலை விழுந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார். கோடுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, புள்ளி உள்ள இடத்தில் மட்டும் காஸியன் பிளர் (மங்கலாக்கும் வசதி) கொடு. கரைந்து சாம்பல் ஆனபிறகு சுருக்கு. அந்தச் சாம்பல் உள்ள இடத்தில் இன்னும் அடர்த்தியாக நிறம் போடாதே. நிழல் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, அதன் கீழே அடர்த்தியாகப் பூசினால் அழுக்காகத்தான் வரும்.

இன்னொன்று, இதுதான் பெரிய தப்பு. கிமோனோவில் (அவன் உடுத்தியிருக்கும் ஜப்பானிய அங்கி) இடது பக்க மடிப்பு வலது மடிப்புக்கு மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துவது. நீ படத்தைத் திருப்பிவிட்டதால் அப்படி ஆகிவிட்டது. இடது இடுப்பில் இருக்க வேண்டிய கத்தியும் வலது பக்கம் போய்விட்டது.

கருப்புமை:
அக்கா, இதை நான் கவனிக்கவே இல்லை. வண்ணத்தைத் திட்டுவதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

தெப்பக்குளத்தான்:
ஐயோ. நீலம் போட்டு அவனைப் பிழைக்க வைத்தேன், திருப்பிப் போட்டு நானே கொன்றுவிட்டேன். சரி, பழையபடி திருப்புகிறேன். முகத்தைக் கீழே இறக்கிக்கொள்கிறேன், கடிகாரம் வானத்தில் நிற்கட்டும்.

இதற்கிடையில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, பேக் கவரில் அச்சடித்து விற்கலாமா என்று கேட்டார். பாதிக்குப் பாதியாம்.

சுங்குடிக்காரி:
வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வரைந்தவர் அனுமதி இல்லாமல் அச்சடித்து விற்பது அதில் சேராது. நாங்கள் மாதக்கணக்கில் முடிச்சுப் போட்ட டிசைனை எவனோ மெஷினில் அச்சடித்து விற்கும்போது வயிறு எரியும் பார், அதே எரிச்சல் அங்கேயும் ஒருவருக்கு இருக்கும்.

தெப்பக்குளத்தான்:
கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லியாயிற்று. புதுப் படம் போட்டிருக்கிறேன்: அங்கி வெள்ளை, மழை வெள்ளை, பின்னணி கருப்பு. கத்தி உறையில் மட்டும் அரக்கு. கருப்புமை அண்ணே, உங்கள் அப்பத்தாவுக்காக.

கருப்புமை:
போனில் போட்டுக்கொள்ள மாட்டேன். ஆனால் அப்பத்தாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, மிச்சத்துக்குச் சாயம் தீர்ந்துபோச்சா?”