இங்லீஷ் வார்த்தை உங்கள வச்சு செஞ்ச கதை இருந்தா சொல்லுங்க

துவாஸ்காரன்:
நானே ஆரம்பிக்கிறேன். 2014ல சிங்கப்பூர் வந்த புதுசு, ஷிப்யார்டுல வேலை. ஒரு மூலைல பெயின்ட்ல கலக்கற தின்னர் டின்னு அடுக்கி வச்சிருந்தாங்க, பழைய ஸ்டாக், மேல 'இன்ஃபிளேமபிள்'னு போட்டிருந்துச்சு. கரெக்டுக்கு எதிர் இன்கரெக்டு, அப்ப இது தீப்புடிக்காத சரக்குன்னு நானா ஒரு கணக்கு போட்டு பக்கத்துலயே கிரைண்டர ஆன் பண்ணிட்டேன். சேஃப்டி ஆபீசர் ஓடி வந்து பிளக்க புடுங்கினாரு பாருங்க... மறுநாள் வேலைக்கு முன்னாடி நடக்கற சேஃப்டி கூட்டத்துல, அதான் டூல்பாக்ஸ் மீட்டிங்ல, அம்பது பேர் முன்னாடி நான்தான் பாடம். அந்த 'இன்' இல்லைன்னு சொல்ற 'இன்' கிடையாதாம், லத்தீன்ல 'உள்ள'ங்கிற அர்த்தத்துல வர்றதாம். ஃபிளேமபிள், இன்ஃபிளேமபிள் ரெண்டுமே தீப்புடிக்கும்! என்ன மாதிரி ஆளுங்க ஏமாந்துடக் கூடாதுன்னுதான் இப்பல்லாம் லேபிள்ல ஃபிளேமபிள்னே போடறாங்க. அன்னிலேந்து புது வார்த்தை எது கிடைச்சாலும் லாரில டார்முக்கு, அதான் நாங்க தங்கற விடுதிக்கு, திரும்பறப்ப போன்ல அதோட வேர் என்னன்னு பாத்துடுவேன், வெறும் அர்த்தத்த மட்டும் நம்பறதில்ல.

காப்பி ஓ கொசோங்:
அண்ணே உங்களது உயிர் பயம், எனக்கு மானம் போச்சு. நம்ம ஊர்லயும் சரி இங்கயும் சரி, ஆபீஸ் மெயில்ல பதில் போடுங்கங்கிறதுக்கு 'கைண்ட்லி ரிவர்ட்'னுதான எழுதுவோம்? லண்டன் கிளையன்டுக்கு புது டிசைன அனுப்பி அப்படியே எழுதிட்டேன். ரிவர்ட்னா பழைய நிலைக்குத் திரும்பறது. மனுஷன் பாவம், சொன்ன மாதிரியே ஷேர்டு ஃபைல பழைய வெர்ஷனுக்கு மாத்திட்டு டன்னுன்னு மெயில் போட்டாரு, மூணு நாள் வேலை லா. இப்ப ரிப்ளைன்னு மட்டும்தான் எழுதறேன்.

பீஷான் அம்மா:
பையன் பிரைமரி சிக்ஸ், பிரைமரி முடிக்கற பிஎஸ்எல்இ பரீட்சை வருஷம். இங்க பிள்ளைங்க கஷ்டமான வார்த்தைங்கள 'பாம்பாஸ்டிக் வேர்ட்ஸ்'னு பெருமையா சொல்லும், அந்த பாம்பாஸ்டிக்கே உள்ள சரக்கில்லாத ஆடம்பரப் பேச்சுன்னு திட்டற வார்த்தைன்னு யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல போல. டியூஷன்ல குடுத்த லிஸ்ட மனப்பாடம் பண்ணி காம்போல, அதான் கட்டுரைல, 'எங்க பாட்டி மீன் குழம்புக்கு நொட்டோரியஸ்'னு எழுதிட்டான், டீச்சர் சிவப்புல பெரிய வட்டம் போட்டு அனுப்பியிருந்தாங்க, அது கெட்டதுக்குப் பேர் போனவங்களச் சொல்ற வார்த்தையாச்சே. பாட்டி விடல, அதுக்கு என்னடா அர்த்தம்னு கேட்டாங்க. 'பேர் போனவங்க பாட்டி'ன்னான். எங்க மாமியார் குழம்பு காரத்துக்கு அது ரொம்பத் தப்புன்னும் சொல்ல முடியல.