‘சிறு மூளை’ வேண்டாம், ‘மூளையுரு’ என்போம்

அன்பிற்குரிய ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

மனித செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கும் சிறிய மூளைத்திசு உருண்டையே பிரெயின் ஆர்கனாய்டு. அதற்கான தமிழ்க் கலைச்சொல்லாகப் புதுச்சேரியிலிருந்து ஐயா முன்வைத்த ‘மூளைப்போலி’ இலக்கணப்படி குறையற்ற சொல். ‘போலி’ என்றால் ஒத்தது என்ற பொருள் நமக்குத் தெரியும். ஆனால் போலி மருந்து, போலி மருத்துவர் என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறவர்களுக்கு மோசடிதான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே இருப்பவையோ உண்மையான மனித நரம்பணுக்கள்.

செய்திகளில் வரும் ‘சிறு மூளை’ இன்னும் கெடுதல். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறேன். ‘ஆய்வகத்தில் வளர்ந்த சிறு மூளை’ என்று படித்துவிட்டு வந்த மாணவி ஒருத்தி, தலையின் பின்புறத்தில் இருக்கும் சிறுமூளையைத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, உடலின் சமநிலை பற்றிக் கேட்டாள். அவள் மேல் தவறே இல்லை. ஆர்கனாய்டை ‘நுண்ணுறுப்பு’ என்னவும் முடியாது; அது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா போன்றவற்றுக்குப் பாடநூலில் நிலைத்துவிட்டது. ‘சிறு மூளை’க்கு மூலமான ‘மினி பிரெயின்’ என்ற ஆங்கிலப் பெயரைத் தவிர்க்கும்படி இத்துறை ஆய்வாளர்கள் பலர் 2022இல் நேச்சர் இதழில் கூட்டாக எழுதியிருக்கிறார்கள். அவர்களே கைவிடும் பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம். 2013இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நோப்ளிக்கும் வளர்த்தவை 4 மில்லிமீட்டர் வரை வந்தன. தோல் செல்லை ஜப்பானிய ஆய்வாளர் யாமனாக்காவின் வழியில், எவ்வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணுவாக்கி, ஊட்டக் கரைசலில் மெல்லச் சுழலவிட்டால், அது தானாகவே அடுக்கடுக்காக ஒழுங்குபடுகிறது. பார்வைக்கு, இளஞ்சிவப்பு நீரில் மிதக்கும் வெளிறிய மிளகு போல இருக்கும். இரத்தக்குழாய் கிடையாது. அதனால் ஓரளவுக்கு மேல் பருத்தால் நடுப்பகுதி ஊட்டமின்றி மடிந்துவிடும். முழு மனித மூளையில் உள்ளவையோ ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள்.

கருவிலிருந்து உருக்கொள்ளும் வழியிலேயே இது வளர்வதால் ‘உரு’ பொருந்துகிறது. ஆர்கனாய்டு உறுப்புரு, பிறகு மூளையுரு, குடலுரு, கல்லீரலுரு. சிறுமூளைப் பகுதியை ஒத்து வளர்ப்பதைச் ‘சிறுமூளையுரு’ என்று குழப்பமின்றிச் சொல்ல முடிகிறது. ‘சிறு மூளை’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இது முடியாது.

அடுத்தது அதன் மின்செயல். ஆங்கிலத்தின் ‘ஃபயர்’ என்பதை அப்படியே பெயர்த்து நரம்பணு ‘சுடுகிறது’ என்று எழுதுவதை அருள்கூர்ந்து நிறுத்துவோம். ஓய்வில் இருக்கும் நரம்பணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்ததும் அந்த மின்னழுத்தம் ஓரிரு மில்லிநொடிக்குள் மேலே தாவிக் கீழே திரும்பும். மின்முனைகள் பதித்த தட்டின்மேல் மூளையுருவை வைத்தால், திரையில் நடுங்கியபடி ஓடும் மெல்லிய கோட்டில் திடீரென்று நெட்டுக்குத்தாக ஒன்று எழுந்து விழும். பின்பு கொத்தாகப் பல எழும். அப்புறம் வெறுங்கோடு. இதற்கு ‘மின்துடிப்பு’ போதும். கொத்தாக வருவது ‘துடிப்புக்கொத்து’.

அது கருவியின் இரைச்சல் அன்று என்பதை உறுதிசெய்ய டெட்ரோடோடாக்சின் என்ற நஞ்சைச் சேர்க்கிறார்கள். சோடியம் வாயில்கள் அடைபட்டுத் துடிப்பு நின்றுவிடும். நம் மீனவர்கள் கறிக்கு ஆகாதென்று ஒதுக்கும் பேத்தை மீனில் உள்ள நஞ்சு அதுதான்.

‘தன்னிச்சையான மின்துடிப்பு’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இச்சை இங்கே எங்கிருந்து வந்தது? கண்ணும் காதும் இல்லாத திசு அது. வெளித்தூண்டல் இல்லாமலேயே துடிக்கிறது, அவ்வளவுதான். ‘தானெழு துடிப்பு’ என்று வினைத்தொகையாக்கினால் விருப்பமும் எண்ணமும் ஒட்டிக்கொள்ளாது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2019இல் சான் டியேகோவில் அலிஸன் மியூட்ரி குழுவினர் 10 மாதம் வளர்த்த மூளையுருக்களில் ஒருங்கிணைந்த அலைவுகளைப் பதிவுசெய்தார்கள். அவற்றின் சில கூறுகள் குறைமாதக் குழந்தைகளின் மூளை மின்பதிவை ஒத்திருந்தன. ஒத்திருந்தன என்பதற்கு மேல் அந்த ஒப்பீடு எதையும் நிறுவவில்லை. ‘சிந்தனை அலை’ என்று நாம் பெயர் சூட்டிவிட்டால், ஆய்வு சொல்லாததைச் சொல் சொல்லிவிடும். ‘மின்னலைவு’ என்றே வைப்போம்.

இனி, வெவ்வேறு பகுதிகளின் உருக்களை ஒட்டவைத்து வளர்க்கும் அசெம்பிளாய்டு மிஞ்சியிருக்கிறது. ‘கூட்டுரு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ஐயாவிடம் இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.