புதுப்பிப்பு: மெமரி ஃபிளாக் பிரச்சினை தீர்ந்தது, பிழை என்னுடையதுதான்

போன கிழமை கேட்டிருந்தேன்: கேவிஎம்மில் (லினக்ஸில் விஎம், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, ஓடவிடும் பகுதி) கெஸ்ட் மெம்எஃப்டி (அந்த உள் கணினிக்கு மெமரி தரும் வசதி) கொண்டு சின்ன விஎம் ஒன்றை எழுதினேன், எம்மேப் (அந்த மெமரியை என் புரோகிராமுக்குள் இணைப்பது) சரியாக வேலை செய்கிறது, முதல் பைட்டை எழுதப்போனதும் 'பஸ் எரர்' என்று செத்துவிடுகிறது, ஏன்?

காரணம் பிடிபட்டது. லினக்ஸ் 6.18 இல் இதற்கு இரண்டு ஃபிளாக் (மெமரியை உருவாக்கும்போது போடும் தேர்வுக் குறி). 'எம்மேப்' என்பது மேப் பண்ண அனுமதி மட்டும். ஹோஸ்ட் (விஎம்மை ஓடவிடும் வெளிக் கணினி) அந்த மெமரியைத் தொடவேண்டுமென்றால் 'இனிட் ஷெயார்ட்' உம் வேணும். நான் முதலாவதை மட்டும் போட்டிருந்தேன். இரண்டையும் போட்டதும் ஓடியது.

இந்த இரண்டாவதுக்கு முதலில் 'டிஃபோல்ட் ஷெயார்ட்' என்றுதான் பெயர். அந்தப் பெயர், மெமரி எந்நேரமும் ஹோஸ்டோடு பகிர்ந்தபடியே இருக்கும் என்ற எண்ணத்தைத் தரும். உண்மையில் அந்த ஃபிளாக் தொடக்க நிலையை மட்டும்தான் சொல்கிறது. ஆகவே மாற்றியது நல்லது. கேர்னல் கொன்ஃபிக்கில் (லினக்ஸ் கருவின் அமைப்புத் தேர்வுகளில்) 'பிரைவேட் மெம்' என்றிருந்ததும் இப்போது 'கெஸ்ட் மெம்எஃப்டி'. மெமரி எங்கிருந்து வருகிறது என்பது வேறு, ஹோஸ்டுக்கு மறைவா என்பது வேறு. பழைய பெயர் இரண்டையும் ஒட்டவைத்திருந்தது, நானும் நம்பிவிட்டேன்.

எங்கட திருகோணமலையில் இது தலைகீழ்: ஒரே இடத்துக்கு இரண்டு பெயர், உவர்மலைதான் ஓர்ஸ் ஹில். றாம் பார்சல் கொண்டுவந்த தம்பி உவர்மலையில் நின்றுகொண்டே "அண்ணை, ஓர்ஸ் ஹில்லுக்கு எப்பிடிப் போறது?" என்று போனில் கேட்டான்.

பழைய பதிவில் 'கேவிஎம் பக்' என்று எழுதிய வரியை வெட்டிவிட்டேன்.