தண்டுவடக் காயம்: ராத்திரி புரட்டவே விடமாட்டேன் என்கிறார், எங்கிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: வார்டு_செவிலி
28 வயது, பனையிலிருந்து விழுந்து சி6 (கழுத்துப் பகுதி) அளவில் தண்டுவடக் காயம், கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) இருக்கு. பகலில் சொன்னதைக் கேட்பார். ராத்திரி புரட்டினால் கத்துகிறார், மனைவியைத் திட்டுகிறார், சாப்பாடும் பாதிதான். வால் எலும்பு மேல் சிவந்திருக்கு. டிப்ரஷனுக்கு மாத்திரை கேட்கலாம் என்று வார்டில் பேச்சு. "கால் வராதுன்னு சொல்லிடாதீங்க" என்கிறார் அண்ணன்.

பதில்: ரீஹேப்_பிரதர்
மாத்திரைக்கு முன்னால் பிபி பாருங்க சிஸ்டர், அதுவும் கத்துகிற நேரத்திலேயே. டி6-இலும் (மார்புப் பகுதி) அதற்கு மேலும் காயம் பட்டவர்களுக்கு ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா வரலாம், அதாவது காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் பிபி திடீரென ஏறும் நிலை: தலைவலி, முகம் சிவந்து வியர்வை, மூக்கடைப்பு, பதற்றம். இவர்களுக்கு பிபியின் மேல் அளவு வழக்கமாக 90–110தான். அதனால் 135 என்று சார்ட்டில் பார்த்தால் நார்மல் மாதிரி தெரியும், ஆனால் ஆபத்து.

உடனே நிமிர்த்தி உட்கார வைங்க, காலைத் தொங்கவிடுங்க, இறுக்கமான துணியைத் தளர்த்துங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. அடுத்து கத்தீட்டர். புரட்டும்போது ட்யூப் தொடைக்கடியில் மாட்டிக்கும், சிறுநீர்ப்பை நிறைந்துவிடும். ராத்திரி மட்டும் கத்துவதால் எனக்கு முதல் சந்தேகம் இதுதான். ட்யூப் சரியென்றால் மலக்கட்டு, ஆனால் மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஜெல்லியை மலவாயில் போட்டு இரண்டு நிமிஷம் விட்டுத்தான் கை வைக்கணும், இல்லையென்றால் பிபி இன்னும் ஏறும். 150-க்கு மேலேயே நின்றால் பிபி மருந்து தேவைப்படும்.

பதில்: மனநலப்_பிரிவு
பிபி ஏறலையா? அப்போ யோசிங்க, நாள் முழுக்க எத்தனை பேர் கேட்காமலே அவர் உடம்பைத் தொடுகிறார்கள்! புரட்டாமல் விட முடியாது, ஆனால் எந்தப் பக்கம், பத்தரையா பதினொன்றா என்பது அவர் முடிவாக இருக்கட்டும். எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டுங்க. உணர்ச்சி இருக்கிற தோளைத் தொட்டுச் சொல்லிவிட்டு ஆரம்பிங்க. "பத்து நிமிஷம் கழிச்சு வரேன்" என்றால் பத்தாவது நிமிஷம் அங்கே நிற்கணும். ஒரு தடவை தவறினாலும் நம்பிக்கை போயிடும்.

அந்தச் சிவப்பை போனில் படமெடுத்து அவருக்கே காட்டுங்க. அவருக்கு அது வலிக்காது, கண்ணிலும் படாது, பிறகு நாம் சொல்வதை எப்படி நம்புவார்? விரலால் அழுத்தியும் வெளுக்கலை என்றால் படுக்கைப்புண் முதல் நிலை. அந்த இடத்தில் பாரமே படக்கூடாது. 30 டிகிரி சாய்வு போதும், முழுசா ஒருக்களித்தால் இடுப்பெலும்பில் புண் வரும்.

தூக்கம், பசி, களைப்பு மூன்றும் ஆஸ்பத்திரியில் யாருக்கும் கெடும். எதிலும் பிடிப்பில்லாமை, "நான் பாரம்" என்ற பேச்சு, இதைக் கவனிங்க. "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேரடியாகவே கேளுங்க, கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. உடம்பு பெரும்பாலும் அசையாதவருக்குச் சாப்பாட்டை மறுப்பதே வழியாக இருக்கலாம். ஆமாம் என்றால் தனியே விடாதீங்க, அன்றே மனநல மருத்துவர் பார்க்கணும். டிஸ்சார்ஜுக்குப் பிறகு பேச அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

பதில்: சமூகப்பணி_அக்கா
அண்ணன் சொல்வதை அப்படியே ஏற்காதீங்க. "எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?" என்று நோயாளியைத்தான் கேட்கணும். டாக்டர் பேசும்போது செவிலியும் கூட உட்காரணும், விசிட்டர் நேரம் வேண்டாம். உடம்பில் மீதி இருக்கும் திறனையும் அதே பேச்சில் சொல்லுங்க: சி6-இல் மணிக்கட்டைத் தூக்க முடிந்தால் விரல்கள் தானாக மடங்கும், அந்தப் பிடியில் ஸ்பூன் பிடிக்கலாம். அதனால்தான் மணிக்கட்டைத் தூக்கிய நிலையில் விரல்களை நீட்டிப் பயிற்சி தரக்கூடாது, பிடி தளர்ந்துவிடும். மனைவிக்கும் சொல்லிக்கொடுங்க.

மலம் எடுப்பது, புரட்டுவது இரண்டையும் அண்ணனுக்கும் டிஸ்சார்ஜுக்கு முன்பே பழக்குங்க. எல்லாம் மனைவி தலையில் விழுந்தால் அவர் மனைவியாகவே இருக்க முடியாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு போடச் சொல்லுங்க. வீட்டில் பிசியோவுக்கு தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்யலாம்.