இங்கிலாந்தில் பிரைமரி டீச்சர் ஆகப் படிக்க நினைக்கிறவர்களுக்கு

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது "நாமும் இந்த வேலைக்கு வரலாமே" என்று தோன்றாதவர்கள் நம்மில் குறைவு. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிஜிசிஇ என்ற, பட்டதாரிகளுக்கான ஆசிரியர் பயிற்சியை முடித்து இப்போது இயர் டூ, அதாவது ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு எடுக்கிறேன். பட்டம் கையில் இருந்தால் ஒரே வருடப் படிப்பு, முடிவில் கியூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதியும் கிடைக்கும்.

முதலில் விசாவைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஐஎல்ஆர், அதாவது இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருந்து, மூன்று வருடம் இங்கேயே வசித்திருந்தால் பொதுவாக உள்ளூர் மாணவர் கட்டணம்தான், 2025-26இல் அது 9,535 பவுண்ட். ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் என்ற அரசின் மாணவர் உதவித் திட்டத்தில் கடனும் எடுக்கலாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து, சைல்ட்கேர் கிரான்ட் என்று தனியாகத் தருவார்கள், அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நம் ஆட்கள் பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். கணவர் அல்லது மனைவியின் வேலை விசாவில் டிபென்டென்டாக வந்திருந்தால் பெரும்பாலும் வெளிநாட்டு மாணவர் கட்டணம், கடனும் கிடையாது. ஐஎல்ஆருக்கு ஒன்றிரண்டு வருடம்தான் பாக்கி என்றால் பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வேன். அதுவரை டீச்சிங் அசிஸ்டென்ட் வேலைக்குப் போங்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கும் அறையில் ஒரு நாள் முழுக்க நிற்க முடியுமா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சான்றிதழ் விஷயம். ஆங்கிலம், கணக்கு, அறிவியல் மூன்றிலும் ஜிசிஎஸ்இ (இங்கே பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) நான்காம் கிரேடுக்குச் சமமான தேர்ச்சி கேட்பார்கள். எம்ஏ படித்தவரிடமும் கேட்பார்கள். ஊரில் பீரோவுக்குள் கிடக்கும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை, இலங்கையில் படித்தவர்கள் ஓ/எல் சான்றிதழை, இப்போதே வரவழையுங்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்லும் யூகே எனிக் அமைப்பில் அதற்கும் பட்டத்துக்கும் சமநிலைக் கடிதம் வாங்க வேண்டும். கடிதத்தை ஏற்றுக்கொள்ளாத பல்கலைக்கழகமும் இருக்கலாம், அங்கே ஈக்விவலன்சி தேர்வு எழுதச் சொல்வார்கள், அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆங்கில உச்சரிப்பை நினைத்துத்தான் நம்மில் பலர் தயங்குகிறோம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, நடந்தது வேறு. ஒலிகளைச் சேர்த்து வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் ஃபோனிக்ஸ் பாடத்தில் எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, அதன் ஒலியை மட்டும் சொல்ல வேண்டும். என் முதல் பாடத்தில் m எழுத்துக் கார்டைக் காட்டி "ம" என்றேன். பாடம் முடிந்ததும் மென்டர் (பயிற்சியில் நமக்கு வழிகாட்டும் ஆசிரியர்) கூப்பிட்டு, பின்னால் ஒரு அகரம் ஒட்டிக்கொண்டு வருகிறது, வாயை மூடி "ம்ம்" என்று மட்டும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளால் ஒலிகளைச் சேர்த்து வார்த்தையாகப் படிக்க முடியாது என்றார். அன்றிரவு வீட்டில் சொல்லிப் பார்த்தபோதுதான் உறைத்தது, அவர் கேட்டது நம்முடைய மெய்யெழுத்து! ப இல்லை, ப். ட இல்லை, ட். நாம் ஆறு வயதில் புள்ளி வைத்துப் படித்ததைத்தான் என்னுடன் படித்தவர்கள் வாரக்கணக்கில் பழகினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பாடத்துக்கு நான் பயந்ததே இல்லை. இயர் ஒன் (ஐந்து ஆறு வயது) பிள்ளைகளுக்கு ஜூனில் இதே முறையில் நாற்பது வார்த்தைத் தேர்வு வரும், அதில் பாதி அர்த்தமே இல்லாத வார்த்தைகள், ஒலியைச் சேர்த்துப் படிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

கணக்கில்தான் கொஞ்சம் மாறிக்கொள்ள வேண்டியிருந்தது. கழித்தலில் "கடன் வாங்குவது" என்று படித்தோம் இல்லையா, இங்கே அப்படிச் சொல்வதில்லை. ஒரு பத்தைக் கொடுத்துப் பத்து ஒன்றுகளாக மாற்றிக்கொள்கிறோம் என்று கட்டைகளை வைத்துக் காட்ட வேண்டும். விடை சரியாக வந்தால் மட்டும் போதாது, ஏன் வந்தது என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்.

படிப்பில் பெரும்பகுதி பள்ளியில்தான், குறைந்தது 120 நாள், இரண்டு பள்ளிகளிலாவது. எந்தப் பள்ளி என்பது பெரும்பாலும் நம் கையில் இல்லை. எனக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் இடம் கிடைத்தது. காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் மாலை ஆறுக்குத்தான் திரும்புவேன், அப்புறம் மறுநாள் பாடத்திட்டம். வீட்டில் யார் சமைப்பது, பிள்ளையை யார் கூட்டி வருவது என்று படிப்பு தொடங்கும் செப்டம்பருக்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். என்னுடன் படித்த ஒருவர் படிப்பு வராமல் நிற்கவில்லை, இந்த ஏற்பாடு இல்லாமல்தான் பாதியில் நின்றார். இன்றும் எனக்கு அது மனசு கேட்காது.

இன்னொன்று, ஒரு பிள்ளை வந்து "மிஸ், யாரிடமும் சொல்லாதீங்க" என்று எதையாவது சொன்னால், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடம் அன்றே சொல்லியாக வேண்டும். வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்த நமக்கு இது முதலில் கஷ்டமாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு அன்று அதைச் சொல்ல நம்மை விட்டால் வேறு ஆள் இல்லாமல் இருக்கலாம்.

விண்ணப்பம் அக்டோபரில் திறக்கும், ஒரே நேரத்தில் நான்கு இடங்களுக்குப் போடலாம். பிரைமரி இடங்கள் சீக்கிரம் நிரம்பும், கிறிஸ்துமஸுக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் கேட்கலாம், அதையும் சேர்த்தே ஆரம்பியுங்கள்.